ஆல்ஃபா பெட் போட்ட பிறகும் தோல் சிவக்கிறது: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிக்கு ஆல்ஃபா பெட் போட்டாயிற்று, இனிப் படுக்கைப்புண் வராது என்று வார்டில் ஏற்படும் நிம்மதி ஆபத்தானது. மெத்தை வந்த நாளிலிருந்தே நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது குறைகிறது, தோலைப் பார்ப்பது குறைகிறது, பம்பின் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு கவனிப்பு முடிந்துவிடுகிறது. சில நாளில் பிட்டத்துக்கு மேலே சிவப்பு தெரியும்போது, மெத்தை சரியில்லை, வேறு மெத்தை வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. பெரும்பாலும் பழுது மெத்தையில் இருப்பதில்லை. மெத்தைக்கும் உடலுக்கும் நடுவில் நாம் போட்டு வைத்திருப்பவற்றிலும், நோயாளியைக் கிடத்தியிருக்கும் விதத்திலும் இருக்கிறது. ஆகவே எந்த அறிகுறி தென்பட்டாலும் முதலில் தோல், அடுத்து உடலுக்கும் மெத்தைக்கும் இடையில் உள்ளவை, அடுத்து படுக்கையின் கோணம், அதற்குப் பிறகே மெத்தை, கடைசியில் பம்ப் என்ற வரிசையில் சோதிப்பது நல்லது. பம்ப் நின்றுவிட்டது கண்ணுக்கே தெரிந்தால் மட்டும் வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

வார்டில் ஆல்ஃபா பெட் என்று சொல்லப்படுவது, சாதாரண மெத்தையின் மேல் விரிக்கப்படும் காற்று விரிப்பு. அதிலுள்ள குமிழ்கள் அல்லது நீள உருளைகள் இரண்டு அணிகளாகப் பிரிக்கப்பட்டு, இரண்டு குழாய்கள் வழியாகப் பம்போடு இணைக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் அணி உப்ப, மற்றொன்று தளரும். அதனால் உடலின் ஒரே இடத்தில் எடை தொடர்ந்து நிற்பதில்லை. உயர்தர ஃபோம் மெத்தையும் நிலையான காற்று மெத்தையும் வேறு வழியில் வேலை செய்கின்றன. உடலைச் சற்று உள்வாங்கி, எடையைப் பெரிய பரப்பில் பரப்பிவிடுவதே அவற்றின் உத்தி. இந்த வேறுபாடு நினைவில் இருந்தால் கீழே சொல்லப்படும் சோதனைகளின் காரணம் எளிதில் விளங்கும்.

அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு

சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்திவிட்டு விரலை எடுக்க வேண்டும். அந்த இடம் வெளுத்து, பிறகு மறுபடி சிவந்தால் இரத்த ஓட்டம் இன்னும் தப்பியிருக்கிறது. அழுத்தத்தை நீக்கினால் தோல் தேறிவிடும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது முதல் நிலைப் படுக்கைப்புண். தோல் கிழியவில்லை, ஆகவே புண் இல்லை என்று குறிப்பேட்டில் எழுதுவது தவறு.

நம் நோயாளிகளில் பலருடைய மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் இந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாடநூல் படங்களில் வெள்ளைத் தோலின் மேல் பளிச்சென்று தெரியும் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் முதல் நிலை நம் கண்ணில் படாமலே கடந்துபோகும். நாம் முதன்முதலாகக் காண்பது கிழிந்த தோலாகத்தான் இருக்கும். எனவே கையின் பின்புறத்தால் தொட்டுப் பார்க்க வேண்டும். அருகிலுள்ள தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கல் போலக் கட்டியாகவோ சேறு போலத் தொளதொளவென்றோ இருக்கிறதா, தொட்டால் நோயாளி முகம் சுளிக்கிறாரா, சுற்றிலும் உள்ள நிறத்தைவிட ஓர் இடம் மட்டும் கருத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டியூப்லைட்டின் நிழலில் இதைச் செய்ய இயலாது. சன்னல் பக்கம் திருப்பியோ டார்ச் அடித்தோ பார்க்க வேண்டும்.

முதல் நிலை உறுதியானால் அந்த இடத்தின் மேல் நோயாளி மறுபடி படுக்கக் கூடாது. ஆல்ஃபா பெட் ஓடிக்கொண்டிருப்பதால் அந்த இடத்தின் மேலேயே விட்டுவைக்கலாம் என்பது பொருந்தாது. அடுத்து, படுக்கையை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பக்கவாதம் வந்த ஒரு பெரியவரின் படுக்கையை அப்படிப் பிரித்தபோது காற்றுக் குமிழ்களுக்கு மேல் நான்காக மடித்த கம்பளி, அதன் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் பெட்ஷீட், இடுப்புக்கு நேராக மடித்த பருத்திப் புடவை, அதன் மேல் அண்டர்பேட் (ஈரத்தை உறிஞ்சும் விரிப்பு), அதற்கும் மேல் டயப்பர் என்று ஆறு அடுக்குகள் இருந்தன. "மேடும் பள்ளமுமா இருக்கு சிஸ்டர், அப்பாவுக்கு உறுத்துமேன்னு நான்தான் கம்பளியைப் போட்டேன்" என்றார் மகள். அன்போடு செய்த காரியம் அது. ஆனால் அந்த மேடு பள்ளம்தான் மருந்து. அதை மூடிவிட்டால் குமிழ்கள் உப்புவதும் தளர்வதும் கம்பளிக்குத் தெரியும், தோலுக்குத் தெரியாது. குமிழ்களுக்கு மேல் இறுக்கமில்லாமல் விரித்த ஒரே பெட்ஷீட், தேவையானால் காற்றுப் புகும் தன்மையுள்ள ஓர் அண்டர்பேட், அவ்வளவுதான் இருக்க வேண்டும். பெட்ஷீட்டை நான்கு மூலையிலும் முரசுத் தோல் போல இழுத்துச் செருகினாலும் உடல் குமிழ்களுக்குள் இறங்காது. காரணத்தை உறவினருக்குப் பொறுமையாக விளக்கிவிட்டால் கம்பளி மறுபடி வராது. விளக்காமல் எடுத்துப் போட்டால் அன்றிரவே வந்துவிடும்.

சிவந்த இடத்தைத் தேய்த்து நீவுவது கூடாது. ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகைத் தேய்க்கும் பழைய முறை இன்னும் சில வார்டுகளில் நடக்கிறது. ஏற்கெனவே மூச்சுத் திணறிக் கிடக்கும் திசுவை அது மேலும் சிதைக்கும். ஸ்பிரிட் தோலை வறளச் செய்யும்.

ஊதா, கருஞ்சிவப்பு, அல்லது இரத்தம் கட்டியது போன்ற திட்டு

தோல் கிழியாமல் ஆழ்ந்த ஊதா நிறத்தில் ஒரு திட்டு தோன்றினாலோ இரத்தக் கொப்புளம் எழுந்தாலோ, எலும்பை ஒட்டிய தசையும் கொழுப்பும் முதலில் சிதைந்து, சேதம் உள்ளிருந்து வெளியே வருகிறது என்று பொருள். இது தோலில் தெரிவதற்குப் பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரம் ஆகும். எனவே இன்று காலை கண்டுபிடித்த திட்டுக்கு இன்றைய மெத்தையைக் குற்றம் சொல்லும் முன், இரண்டு மூன்று நாள் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவின் ஸ்ட்ரெச்சரில் எத்தனை மணி நேரம் கிடந்தார், அறுவை அரங்கின் மேசையில் எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தார், வீட்டில் விழுந்து கண்டுபிடிக்கப்படும் வரை தரையில் கிடந்தாரா, ஸ்கேனுக்குக் கொண்டுபோன தள்ளுவண்டியில் மெத்தை இருந்ததா என்று விசாரிக்க வேண்டும். விடை கிடைத்தால் அந்த இடத்தைத் திருத்த முடியும். நீண்ட அறுவைக்குப் போகும் நோயாளிக்கு மேசையிலேயே ஜெல் விரிப்போ தரமான ஃபோமோ வேண்டும் என்று அரங்கத்தாரிடம் கேட்பதற்கு இந்த விசாரணைதான் ஆதாரமாகும். மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டிய அறிகுறி இது. நன்றாகக் கவனித்தாலும் ஆழமான புண்ணாகத் திறந்துகொள்ளக் கூடும் என்பதைக் குடும்பத்தாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதும் அவசியம்.

இடுப்புப் பகுதி அமுங்கி, அடியில் கெட்டியாகப் படுகிறது

காற்று விரிப்பு நோயாளியின் எடையைத் தாங்காமல் நசுங்கி, உடல் அடி மெத்தையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நிலை இது. வெளியிலிருந்து பார்த்தால் விரிப்பு நன்றாக உப்பியிருப்பது போலவே தோன்றும், ஏனெனில் எடை இல்லாத தலைமாட்டிலும் ஓரங்களிலும் குமிழ்கள் நிமிர்ந்து நிற்கும். கையால்தான் கண்டுபிடிக்க முடியும். காற்று விரிப்புக்கும் அடி மெத்தைக்கும் நடுவே, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி, விரல்களை விரைப்பாக நீட்டிக் கையைச் செலுத்தி, நோயாளியின் சேக்ரத்துக்கு (முதுகுத்தண்டின் அடிப்பகுதியில், பிட்டத்துக்குச் சற்று மேலே உள்ள எலும்பு) நேர்கீழே கொண்டுபோக வேண்டும். உப்பிய நிலையில் இருக்கும் குமிழுக்கு அடியில் கை நிற்கும்போது, கைக்கும் உடலுக்கும் இடையில் குறைந்தது 2.5 சென்டிமீட்டர் காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் இடித்தால் விரிப்பு நசுங்கிவிட்டது. தளர்ந்த குமிழுக்கு அடியில் சோதித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு சுற்று முடியும் வரை காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். தலைப்பகுதியை உயர்த்தி உட்கார்ந்த நிலையில் இருப்பவருக்கு எடை முழுவதும் பிட்டத்தில் இறங்குவதால், அந்த நிலையிலேயே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்; படுத்திருக்கும்போது தேறிய மெத்தை உட்காரும்போது தோற்றுப்போவது அடிக்கடி நிகழும்.

நசுங்கியிருந்தால் பம்பின் அழுத்தத் திருகு நோயாளியின் எடைக்கு ஏற்ப வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முந்தைய நோயாளி 45 கிலோ, இப்போதுள்ளவர் 80 கிலோ, திருகு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது என்பது மிகச் சாதாரணமான காரணம். எடை பார்க்க முடியாத நோயாளிக்குத் தோராய எடையைக் கொண்டு வைத்து, கைச் சோதனையால் சரிபார்த்துக்கொள்ளலாம். எதிர்ப் பிழையும் உண்டு: எதற்கும் இருக்கட்டும் என்று திருகைக் கடைசி வரை முறுக்கிவிட்டால் குமிழ்கள் கூழாங்கல் போல இறுகி, மெலிந்த நோயாளியின் எலும்பு முனைகளில் அழுத்தம் கூடிவிடும். திருகு சரியாக இருந்தும் நசுங்கினால், நோயாளி அந்த விரிப்பின் எடை வரம்பைக் கடந்தவராக இருக்கலாம், அல்லது அடியில் மெத்தையே இல்லாமல் கட்டில் பலகையின் மேல் விரித்திருக்கலாம். காற்று விரிப்புக்கு அடியில் நல்ல ஃபோம் மெத்தை இருக்க வேண்டும். நடுவில் குழி விழுந்த பழைய தேங்காய்நார் மெத்தையின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த விரிப்பைப் போட்டாலும் இடுப்பு குழிக்குள்தான் இறங்கும்.

ஃபோம் மெத்தையில் படுத்திருப்பவருக்கும் இதே அறிகுறி வரும். நோயாளியை மாற்றிப் படுக்க வைத்துவிட்டு, மெத்தையின் நடுவில் இரு கை முஷ்டிகளையும் ஊன்றி உடல் எடையைக் கொடுத்து அழுத்தினால், ஃபோம் செத்துப்போன இடத்தில் கட்டில் பலகை கைக்கு இடிக்கும். ஜிப்பைத் திறந்து உறையின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். கறையோ ஈரமோ வாடையோ இருந்தால் உறை ஓட்டையாகி உள்ளே நீர் இறங்கிவிட்டது. அந்த மெத்தையைத் துடைத்து மறுபடி போடுவதில் பயனில்லை.

பம்ப் ஓடுகிறது, குமிழ்கள் உப்பவில்லை அல்லது மாறவில்லை

புதிதாக விரித்த மெத்தை முழுமையாக உப்புவதற்கு அரை மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், அந்த நேரம் கழியும் வரை நோயாளியை அதன்மேல் படுக்க வைக்காமல் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் தளர்ந்தே இருந்தால் குழாய்களைப் பம்பிலிருந்து மெத்தை வரை விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். கால்மாட்டுப் பலகைக்கும் மெத்தைக்கும் இடையில் குழாய் மடிந்திருப்பது, கட்டிலை உயர்த்தித் தாழ்த்தும்போது சட்டத்தில் சிக்கியிருப்பது, பெட்ஷீட்டைச் செருகியபோது அதனோடு சேர்ந்து மடங்கியிருப்பது ஆகிய மூன்றும் வழக்கமான இடங்கள்.

குழாயில் மடிப்பில்லை என்றால் இரண்டு குழாய்களையும் பம்பிலிருந்து கழற்றி, இரண்டு துவாரங்களின் மேலும் விரலை வைத்து ஒரு முழுச் சுற்று நேரம் காத்திருக்க வேண்டும். காற்று ஒருமுறை இதிலும் மறுமுறை அதிலும் வந்தால் பம்ப் நலமாக இருக்கிறது, கசிவு மெத்தையில். ஒரே துவாரத்தில் மட்டும் தொடர்ந்து வந்தால் காற்றை மாற்றி அனுப்பும் பகுதி பழுதாகிவிட்டது. அப்போது ஓர் அணி மட்டும் எப்போதும் உப்பி நிற்பதால், நோயாளி வரிசையாக நடப்பட்ட முளைகளின் மேல் படுத்திருப்பதற்கு ஒப்பாகிவிடும். அது வெறும் ஃபோமைவிடக் கெடுதல் என்பதால் விரிப்பை உடனே எடுத்துவிட வேண்டும். இரண்டிலும் காற்று பலவீனமாக வந்தால் பம்பின் பின்புறமுள்ள ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துத் தூசியை அகற்ற வேண்டும். சத்தமே இல்லையென்றால் மின்வடம், சுவிட்ச், ஃபியூஸ் என்று போகலாம்; அதற்கு மேல் திறந்து பார்ப்பது மருத்துவக் கருவிப் பொறியாளரின் வேலை.

மெத்தையில் கசிவென்று தெரிந்தால் சோப்பு நீரைத் தடவி எங்கே நுரை எழுகிறது என்று பார்க்கலாம். சிறிய துளைக்குக் கூடவே வரும் ஒட்டுத் துண்டு போதும். ஊசி, டிரிப் செட்டின் கூர்முனை, உறவினரின் சேஃப்டி பின், நீண்ட நகம் ஆகியவையே துளைக்குக் காரணமாக அமைகின்றன.

மின்சாரம் போனவுடன் மெத்தை படிந்துவிடுகிறது

சாதாரண விரிப்புகளில் காற்றைத் தேக்கி வைக்கும் ஏற்பாடு கிடையாது. பம்ப் நின்றால் கொஞ்ச நேரத்தில் தட்டையாகிவிடும். ஜெனரேட்டர் அல்லது யுபிஎஸ் இணைப்புள்ள பிளக்கில் பம்பைச் செருகியிருக்கிறார்களா என்று மெத்தை போட்ட அன்றே பார்க்க வேண்டும். பல வார்டுகளில் அந்தப் பிளக்குகளை வேறு கருவிகள் பிடித்துக்கொண்டிருக்கும், அல்லது உறவினரின் செல்போன் சார்ஜர் இருக்கும். மின்தடை நீண்டால் நோயாளியை வழக்கத்தைவிட அடிக்கடி புரட்ட வேண்டும். அடியில் நல்ல ஃபோம் இருந்தால் அது அந்த நேரத்தைத் தாங்கும். ஸ்கேனுக்குக் கட்டிலோடு கொண்டுபோகும்போது, சில வகை மெத்தைகளில் இரண்டு குழாய் முனைகளையும் ஒன்றோடொன்று செருகிக் காற்றை அடைத்துக்கொள்ளலாம். அந்த வசதி இருக்கிறதா என்பதைக் கையேட்டில் பார்த்து, பம்பின் மேலேயே எழுதி ஒட்டிவிடலாம்.

குதிகாலில் மட்டும் புண் வருகிறது

உடலின் மற்ற இடங்களெல்லாம் நன்றாக இருக்க, குதிகால் மட்டும் சிவந்தால் மெத்தையை மாற்றுவது வீண். குதிகாலின் பரப்பு மிகச் சிறியது, தோலுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தென்ற சதை அதிகமில்லை, சர்க்கரை நோயாளிகளுக்கு அங்கே இரத்த ஓட்டமும் உணர்ச்சியும் ஏற்கெனவே குறைந்திருக்கும். எந்த மெத்தையும் குதிகாலை முழுமையாகக் காப்பாற்றாது. குதிகால் எதன்மேலும் படாமல் மிதக்க வேண்டும். தலையணையை நீளவாக்கில், முழங்காலுக்குச் சற்றுக் கீழிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல் வரை கெண்டைக்கால் முழுவதையும் தாங்கும்படி வைத்து, குதிகாலுக்கும் விரிப்புக்கும் நடுவே ஒரு பெட்ஷீட்டைத் தடையில்லாமல் இழுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். தலையணையைக் குறுக்காகக் கணுக்காலுக்கு மட்டும் அடியில் வைத்தால் எடை முழுவதும் குதிகால் தசைநாணின் மேல் விழுந்து அங்கே புதுப் புண் தொடங்கும். முழங்கால் பின்னோக்கி வளைந்துவிடாமல் சற்றே மடங்கியிருக்க வேண்டும்.

ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைப்பதை இன்றும் பரவலாகக் காண்கிறோம். அது எடையைப் பரப்பும் அளவுக்குப் பெரிதல்ல, நழுவிக்கொண்டே இருக்கும், வெடித்தால் படுக்கை நனையும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையும் அப்படியே: வளையத்தின் விளிம்பு சுற்றியுள்ள தோலை அழுத்தி, நடுவிலுள்ள இடத்துக்குப் போகும் இரத்தத்தைத் தடுக்கிறது. ஐரோப்பா, அமெரிக்கா, பசிபிக் பகுதி ஆகியவற்றின் நிபுணர் அமைப்புகள் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதலும் இவ்விரண்டையும் தவிர்க்கவே சொல்கிறது.

தலைப்பகுதி உயர்த்தியவருக்குச் சேக்ரத்தில் ஒழுங்கற்ற சிவப்பு

கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்தினால் நோயாளி மெல்ல மெல்லக் கால்மாட்டை நோக்கிச் சறுக்குகிறார். தோல் பெட்ஷீட்டோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் கீழே இறங்குவதால் இடையிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் இழுபட்டு முறுக்கிக்கொள்கின்றன. வெறும் எடையைவிட இந்தச் சறுக்கு இழுப்பு அதிகக் கெடுதி செய்யும், அதை எந்தக் காற்று மெத்தையும் நிறுத்துவதில்லை. தலைப்பகுதியை 30 பாகைக்கு மேல் உயர்த்தாமல் இருப்பதே முதல் தீர்வு. உயர்த்தும் முன் முழங்கால் பகுதியைச் சற்று உயர்த்திவிட்டால் சறுக்குவது குறையும்.

இங்கே ஒரு உண்மையான முரண் இருக்கிறது. மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவருக்கும் வென்டிலேட்டரில் இருப்பவருக்கும் நுரையீரலைக் காப்பதற்காகத் தலைப்பகுதியை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தியே ஆக வேண்டும். தோலுக்காக நுரையீரலைப் பணயம் வைக்க முடியாது. ஆகவே மருத்துவர் அனுமதிக்கும் குறைந்த கோணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அத்தகையவர்களின் சேக்ரத்தை மற்றவர்களைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். பல அடுக்கு சிலிகான் ஃபோம் டிரெஸ்ஸிங்கைப் புண் வருவதற்கு முன்பே சேக்ரத்தில் ஒட்டுவதும் உதவும். அதன் ஓரத்தைத் தூக்கி ஒவ்வொரு ஷிஃப்டிலும் தோலைப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

சறுக்கியவரை மேலே ஏற்றும் முறையையும் கவனிக்க வேண்டும். அக்குளில் கைகொடுத்து இருவர் இழுத்தால் பிட்டமும் குதிகாலும் விரிப்பில் உரசிக்கொண்டே போகும். தலைப்பகுதியைத் தாழ்த்தி, அடியிலுள்ள குறுக்கு விரிப்பை இருபுறமும் உடலை ஒட்டிப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். இழுப்பதற்குப் பதிலாகத் தூக்குவது என்ற இந்த ஒரே மாற்றம் எத்தனையோ புண்களைத் தடுக்கும்.

பிட்டப் பிளவிலும் தொடை இடுக்கிலும் பரவலான, ஈரமான சிவப்பு

எலும்பு முனையின் மேல் இல்லாமல் மடிப்புகளுக்குள் பரவியிருந்து, ஓரம் தெளிவில்லாமல், பளபளவென்று எரிச்சலோடு இருந்தால் அது பெரும்பாலும் சிறுநீரும் மலமும் பட்டு வெந்த தோல். மெத்தையில் பிழை தேட வேண்டாம். மென்மையாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, ஸிங்க் ஆக்சைடு போன்ற தடுப்புக் களிம்பைப் பூசி, டயப்பரை நனைந்தவுடன் மாற்ற வேண்டும். படுக்கையில் இருக்கும் நேரமெல்லாம் டயப்பரை இறுகக் கட்டி வைக்காமல் அண்டர்பேடின் மேல் திறந்துவிடலாம். ஆனால் வெந்த தோல் அழுத்தத்தைத் தாங்காது என்பதால் இரண்டும் ஒன்றாக வருவதுண்டு. கோடைக்காலத்தில் மின்விசிறி மட்டுமுள்ள பொது வார்டில் ரெக்ஸின் உறையும் ரப்பர் ஷீட்டும் வியர்வையைத் தேக்கியே இந்த நிலையை உண்டாக்கும். உறை வழியாக மெல்லிய காற்றைத் தொடர்ந்து விடும் மெத்தை கிடைக்கும் இடங்களில் அதற்கு உரிய நோயாளி இவரே.

காதுமடல், மூக்கு, தொடை என்று எதிர்பாராத இடங்களில் தழும்பு

ஆக்சிஜன் குழாய் காதுக்குப் பின்னாலும், முகமூடி மூக்குத் தண்டிலும், சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியிலும் பதிந்து செய்யும் வேலை இது. காற்று மெத்தையின் மேல் கிடந்தாலும் உடலுக்கு அடியில் சிக்கிய குழாய் குழாய்தான். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் உடலுக்கு அடியில் கையைச் செலுத்தி ஊசி மூடி, ஈசிஜி ஒயர், பிஸ்கட் துணுக்கு வரை எல்லாவற்றையும் தடவி எடுக்க வேண்டும்.

மெத்தை, பம்ப், விரிப்பு எல்லாம் சரி, ஆனாலும் சிவக்கிறது

முதலில் புரட்டும் அட்டவணையைப் பார்க்க வேண்டும். அதில் எழுதியிருப்பதை மட்டுமன்றி, உண்மையில் நடப்பதையும் பார்க்க வேண்டும். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் முதுகுத்தண்டுவடப் பிரிவைத் தொடங்கியபோது, இரவு பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டுவதை விதியாக்கினார். அப்போது ஆல்ஃபா பெட் இல்லை. புண்ணால் இறந்துகொண்டிருந்தவர்கள் பிழைக்கத் தொடங்கினார்கள். அமெரிக்கா, கனடா நாடுகளின் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் 2, 3, 4 மணி நேர இடைவெளிகளுக்குள் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அவர்கள் அனைவரும் அடர்த்தியான ஃபோம் மெத்தையில் இருந்தவர்கள், ஆபத்து மிதமாகவோ அதிகமாகவோ இருந்தவர்கள், ஒவ்வொரு முறையும் கவனமாகப் பார்க்கப்பட்டவர்கள். தேங்காய்நார் மெத்தையில் கிடப்பவருக்கு 4 மணி நேரம் போதும் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது.

புரட்டும் கோணமும் முக்கியம். முழுப் பக்கவாட்டில், 90 பாகையில் படுக்க வைத்தால் இடுப்பின் பக்கவாட்டு எலும்பு நேராக மெத்தையில் குத்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 பாகை சாய்த்து, பிட்டத்தின் சதைப்பகுதியில் எடை நிற்கும்படி செய்ய வேண்டும். சாய்த்த பிறகு அடியில் கைவிட்டுச் சேக்ரம் உண்மையிலேயே மெத்தையைவிட்டு விலகியிருக்கிறதா என்று பார்க்காவிட்டால் அட்டவணையில் மட்டுமே அவர் புரண்டிருப்பார்.

நாற்காலியில் உட்கார வைக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். படுக்கையில் காற்று மெத்தை, நாற்காலியில் வெறும் பிளாஸ்டிக் என்றால் புண் நாற்காலியில்தான் வருகிறது.

அடுத்து நோயாளியின் உடல்நிலை. 1987-இல் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் இருவரும் வெளியிட்ட பிரேடன் அளவுகோல் உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், அசைவு, ஊட்டம், உராய்வு என்ற ஆறு அம்சங்களுக்கு மதிப்பெண் தருகிறது. மொத்தம் 6 முதல் 23 வரை, 18 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்து. மொத்த மதிப்பெண்ணை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வதில் பயனில்லை, எந்த அம்சத்தில் மதிப்பெண் இறங்கியிருக்கிறது என்பதில்தான் தீர்வு இருக்கிறது. ஊட்டத்தில் இறங்கியிருப்பவருக்கு மெத்தையை மாற்றி என்ன பயன்? புண் வந்து, ஊட்டமும் குறைந்திருப்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவைப்படும். கஞ்சித் தண்ணீரும் இளநீரும் அதைத் தராது. முட்டை, பருப்பு, தயிர், மீன் என்று உணவியலாளரோடு பேசித் திட்டமிட வேண்டும். சிறுநீரக நோயாளிக்கு இந்த அளவை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் பிறகே விலையுயர்ந்த மெத்தையைப் பற்றி யோசிக்கலாம். பிரிட்டனில் 2,029 நோயாளிகளிடம் மாறழுத்தக் காற்று மெத்தையையும் (ஆல்ஃபா பெட் போல மாறி மாறி உப்பித் தளரும் வகை) உயர்தர ஃபோம் மெத்தையையும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வு, இரண்டுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாட்டை நிறுவவில்லை. மருத்துவமனை வாங்கும் பணத்தைச் சில உயர்ந்த பம்புகளில் முடக்குவதைவிட, வார்டு முழுவதற்கும் நல்ல ஃபோம் மெத்தைகளை வாங்குவது கூடுதல் பேரைக் காக்கும் என்பது என் உறுதியான கருத்து. விற்பனைக் கையேடுகளில் 32 மில்லிமீட்டர் பாதரசம் என்ற எண்ணைக் காட்டி, அதற்குக் கீழே அழுத்தம் இருந்தால் புண் வராது என்பார்கள். 1930-இல் ஆரோக்கியமானவர்களின் நக ஓரத்து நுண்குழாய்களில் அளந்த அளவோடு அந்த எண் தொடர்புடையது; இரத்த அழுத்தம் குறைந்து ஐசியூவில் கிடப்பவரின் சேக்ரத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது.

மெத்தை போட்ட பிறகு நோயாளி ஓரத்துக்குச் சரிகிறார், அல்லது அசைவதையே நிறுத்திவிட்டார்

காற்று விரிப்பு படுக்கையின் உயரத்தைக் கூட்டுவதால் பக்கக் கம்பியின் பாதுகாப்பு உயரம் அந்த அளவுக்குக் குறைகிறது. குழப்பத்தில் இருக்கும் நோயாளி விழ வாய்ப்புண்டு. தானாகப் புரளும் சக்தி சிறிதளவு உள்ளவருக்கு மென்மையான பரப்பில் ஊன்றிப் புரள முடியாமல் போகும். அப்படிப்பட்டவருக்குக் கெட்டியான ஓரமுள்ள ஃபோம் மெத்தையே நல்லது. முதுகெலும்பு முறிந்து இன்னும் நிலைப்படுத்தப்படாதவரை, மருத்துவரின் அனுமதி இல்லாமல் மாறழுத்த மெத்தையில் கிடத்தக் கூடாது.

நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும்போது உடல் அமுங்கிப் போகிறது

இதயம் நின்ற நோயாளியின் நெஞ்சை அழுத்தும்போது கீழே காற்று இருந்தால் அழுத்தத்தின் ஆழம் கிடைக்காது. பெரிய காற்று மெத்தைகளில் தலைமாட்டுப் பக்கத்திலோ ஓரத்திலோ அவசரக் காற்று வெளியேற்றும் வால்வ் இருக்கும். அதைத் திருகவோ இழுக்கவோ வேண்டும். சாதாரண விரிப்பில் பம்பிலிருந்து இரண்டு குழாய்களையும் பிடுங்கிவிட்டால் போதும். காற்று இறங்குவதற்காகக் காத்திருக்காமல் ஒருவர் நெஞ்சை அழுத்தத் தொடங்க, மற்றொருவர் குழாயைப் பிடுங்க, மூன்றாமவர் முதுகுக்கு அடியில் பலகையைச் செலுத்த வேண்டும். வால்வ் எந்தப் பக்கம் இருக்கிறது, பலகை எந்த அலமாரியில் இருக்கிறது என்பவற்றை, நோயாளியின் மருந்துகளைச் சொல்வது போலவே, ஒவ்வொரு ஷிஃப்ட் ஒப்படைப்பிலும் கட்டிலருகே நின்று சொல்லிக் காட்ட வேண்டும்.